பனி பொய்த்த பருவம்



கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை வடக்கே புறப்படும் ஹிமசாகர் விரைவு வண்டி, குழித்துறையைக் கடந்ததும் பாறசாலை வழியாகக் கேரள எல்லைக்குள் நுழைகின்றது. நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று சென்று, ஏறத்தாழ மூன்று நாள் ஓடி, இமயத்தின் அடிவாரத்தில் காட்ரா நிலையத்தில் நிற்கின்றது. ஹிமம் என்றால் பனி. சாகரம் என்றால் கடல். குமரிக் கடலையும் இமயப் பனியையும் ஒரே பெயரில் முடிச்சிட்டவர் யாராயினும், சொல்லின் அருமை தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. வெள்ளறடை முதலான எல்லையூர்களில் வாழும் தமிழர்க்கும், அவ்வூர்களிலிருந்து தில்லிக்கும் அதற்கப்பாலும் பிழைக்கச் சென்ற தமிழர்க்கும் அவ்வண்டி பழகிய ஒன்று. அதன் ஒரு முனையிலுள்ள கடலை நாம் அறிவோம். மறுமுனைக்கும் அப்பாலுள்ள காஷ்மீரத்துப் பனியைப் பற்றி, குறிப்பாக அப்பனி வாராது பொய்த்த குளிர்காலத்தைப் பற்றி, இன்று சில செய்திகளைச் சொல்ல விழைகின்றோம்.

நம் மொழியில் பனி என்னும் சொல் பல பொருளுக்கும் பொது. புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. விடியலில் வழியை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தில் ஆள் உயரம் குவிந்து கிடப்பதும் பனி. ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் பெயரிட்டனர். காஷ்மீர மக்களோ தங்கள் கடுங்குளிரை மூன்றாகப் பகுத்திருக்கின்றனர். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். இறுதிப் பத்து நாள் 'சில்லை பச்சா', குளிரின் குழந்தை. நம் கணக்கில் மார்கழி முதல் வாரத்தில் தொடங்கித் தை நடுவில் முடிவது அந்தப் பெருங்குளிர். அந்நாற்பது நாளில் விழும் பனிதான் உறைந்து இறுகி, கோடை வரையில் மலையில் தங்கும். பின்னர் விழுவது வெயிலேறியதும் உருகி ஓடிவிடும். எவ்வளவு பனி விழுந்தது என்பதோடு, எப்போது விழுந்தது என்பதையும் அம்மக்கள் கணக்கிட்டுப் பார்ப்பதன் காரணம் இதுவே.

பருவத்தை நம்பிப் பிழைப்பது நமக்குப் புதிதன்று. வெள்ளறடையைச் சுற்றியுள்ள சரிவுகளில் ரப்பர் மரம் தை, மாசியில் இலையுதிர்க்கும்போது பால்வெட்டு நின்றுவிடும், அடைமழையிலும் நிற்கும். வெட்டுகின்றவருக்கு அந்நாள்களில் கூலி இல்லை. தவக்காலத்தில் தெற்குக் குருசுமலை ஏற வருவோரை நம்பி மலையடியில் கடை விரிப்போர் உண்டு. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் சாரல் தவறினால், விடுதிக்காரர் முதல் எண்ணெய் தேய்த்துவிடுவோர் வரை அனைவர்க்கும் அவ்வாண்டு கையிருப்பு கரையும். பனியைக் கண்ணால் காணாதவர்க்கும் காஷ்மீரத்தின் துயரம் விளங்குவதற்கு இவ்வளவே போதும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஓசையற்ற குளிர்காலம் என்பது பழங்காலத்தில் கேடாகக் கருதப்பட்டதில்லை. அதுவே இயல்பு. பனி நிறையக் கொட்டியதனால் உண்டான அமைதி அது. வழிகள் அடைபட்டுவிடும், வருவாரும் இல்லை, போவாரும் இல்லை. அதற்கேற்பவே மக்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர். கோடையிலேயே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, நூற்கோல் முதலியவற்றை அரிந்து நூலில் கோத்து வெயிலில் உலர்த்தி வைப்பர். நம் வீட்டு வற்றலைப் போன்றதே அது. குளிர் மாதங்களில் அதுதான் குழம்பு. சினார் மரத்தின் உதிர்ந்த இலைகளைக் கூட்டிச் சேர்த்துக் கரியாக்கி வைப்பர். அந்தக் கரித்தணலைப் பிரம்புக் கூடைக்குள் பொருத்திய மண்சட்டியில் இட்டால் அது 'காங்கிரி'. 'பெரன்' என்னும் தொளதொளத்த நீள அங்கிக்குள் அதனை வைத்துக்கொண்டே நடப்பர், அமர்வர், பேசுவர். வெளியில் வேலை இல்லாத அம்மாதங்களில்தான் வீட்டிற்குள் சால்வையும் கம்பளமும் உருவாயின. உலகம் புகழ்ந்த காஷ்மீரக் கைவேலையில் பெரும்பகுதி, மூடிக்கிடந்த குளிர்காலத்தின் விளைவேயாகும்.

முதற்பனியை வரவேற்க ஒரு விளையாட்டும் உண்டு. பனிக்கு அவர்கள் மொழியில் 'ஷீன்' என்று பெயர். பருவத்தின் முதற்பனி விழுந்ததும், அதில் ஒரு சிறு கட்டியைத் துணியிலோ தாளிலோ பொதிந்து, வேறு ஏதோ பொருள் போல் உறவினர் கையில் கொடுத்துவிடுவர். அறியாமல் வாங்கியவர் தோற்றவர். அவர் விருந்து வைக்க வேண்டும். பனியைப் பகையாக நினைத்த மக்கள் இத்தகைய வழக்கத்தை ஏற்படுத்தியிருப்பார்களா?

அரசாங்கமே குளிர்காலத்தில் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியது என்பது வரலாற்றில் சுவையான செய்தி. 1872-இல் மகாராஜா ரண்பீர் சிங் காலத்தில், குளிர் மாதங்களில் தலைநகரை ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்கு மாற்றும் வழக்கம் ஏற்பட்டது. ஆண்டுக்கு இருமுறை கோப்புகளும் எழுத்தர்களும் மலையேறி இறங்கினர். 'தர்பார் மாற்றம்' என்ற அந்த ஏற்பாடு சுதந்திரத்திற்குப் பின்னும் நீடித்து, 2021-இல் நிறுத்தப்பட்டு, 2025-இல் மீண்டும் உயிர்பெற்றது. அதிகாரிகள் சென்றபின் அங்கே எஞ்சியது குடிமக்களும் பனியும்தான். பனிஹால் கணவாய் மூடினால் சமவெளிக்கும் பள்ளத்தாக்கிற்கும் தரைவழித் தொடர்பு அற்றுப்போகும். அக்கணவாயின் அடியில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்தில் ஜவாஹர் சுரங்கம் திறக்கப்பட்டது 1956 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதம், நவம்பர் முதல் நாளன்றுதான் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டு, விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாட்டின் தென்கோடியில் புதிய எல்லை ஒன்று விழுந்த அதே குளிர்காலத்தில், வடகோடியில் பழைய எல்லை ஒன்று திறந்தது. ஊர் பெயராமலே 'வெளிமாநிலத் தமிழர்' ஆகிவிட்ட வெள்ளறடைப் பக்கத்து மக்களுக்கு அந்த ஆண்டு மறக்கக்கூடியதன்று.

பனி விற்பனைப் பொருளான வரலாற்றுக்கு வருவோம். 1864-இல் சுவிட்ஜர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊர் விடுதிக்காரர் ஒருவர், கோடை விருந்தினரான ஆங்கிலேயரிடம், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினார் என்பர். ஆல்ப்ஸ் மலைக்குக் குளிர்காலக் கூட்டம் வரத்தொடங்கியதற்கு இக்கதையையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். காஷ்மீரத்திற்கு வந்த ஆங்கிலேயரோ நெடுங்காலம் கோடையை மட்டுமே நாடினர். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க் புல்வெளி அவர்களுக்குக் கோல்ப் ஆடும் திடல். அதன் பழம்பெயர் கௌரிமார்க் என்றும், 16-ஆம் நூற்றாண்டில் யூசுப் ஷா சக் என்ற சுல்தான் அதனைக் குல்மார்க், அதாவது மலர்ப் புல்வெளி, என மாற்றினான் என்றும் சொல்வர். எந்தப் பெயராயினும், அது மலர்க்காலத்திற்கு ஏற்பட்ட ஊரேயன்றிப் பனிக்காலத்திற்கு ஏற்பட்டதன்று. 1927-இல் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இருவர் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அது சிலருடைய பொழுதுபோக்காகவே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு, 1960-களின் பிற்பகுதியில் மத்திய அரசு குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்திற்று. 1961-இல் ஸ்ரீதர் இயக்கிய 'தேன் நிலவு' திரைப்படம் காஷ்மீரத்தின் ஏரியையும் மலையையும் தமிழகத்துக் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தேனிலவு என்றால் காஷ்மீர் என்ற எண்ணம் நம் நடுத்தர வகுப்பினரிடம் வேரூன்றிற்று. 1990-இல் கலவரம் மூண்டதும் அவ்வருகை அநேகமாக நின்றது. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படம் காஷ்மீரத்துக் கதையாயினும், அதில் தமிழர் கண்டு வியந்த பனி இமாசலத்தின் மணாலிப் பக்கத்துப் பனி. திரைப்படம் சென்ற வழியே பயணிகளும் சென்றனர். ஸ்ரீநகரில் படகுவீடுகள் ஆளின்றிக் கிடக்க, மணாலியில் விடுதிகள் பெருகின. ஓர் ஊரின் இழப்பு மற்றோர் ஊரின் வாழ்வாக மாறிய இவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கே விரிக்க இடமில்லை.

குல்மார்க்கில் 1980-களின் இறுதியில் தொடங்கிக் கலவரத்தால் தடைப்பட்ட 'கோண்டோலா' என்னும் கம்பிவட ஊர்தி, 1998-இல் முதற்கட்டமாகவும் 2005-இல் அபர்வட் சிகரத்துத் தோள்வரை இரண்டாம் கட்டமாகவும் ஓடத்தொடங்கியது. குல்மார்க்கின் குளிர்காலத்தை மாற்றியது இதுவே என்பது எம் கருத்து. நான்காயிரம் மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரத்திற்கு நாழிகை நேரத்தில் ஏறிவிடலாம் என்றானதும், அயல்நாட்டுச் சறுக்கு வீரரும், பனியைத் தொட்டுப் பார்த்தாலே போதும் என்ற நம்மவரும் ஒருசேர வந்தனர். 2020-இல் தேசியக் குளிர்கால விளையாட்டு விழாவான 'கேலோ இந்தியா' அங்கே முதன்முறையாக நடந்தது. கீழேயுள்ள தங்மார்க் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும், முன்பு குளிர்காலத்தில் வீட்டில் நெசவு செய்திருக்கக்கூடிய இளைஞர்கள் சறுக்குவண்டி இழுப்போராகவும், குதிரைக்காரராகவும், வழிகாட்டிகளாகவும், முழங்கால் அளவு ரப்பர்ச் செருப்பையும் கம்பளிக் கோட்டையும் வாடகைக்கு விடுவோராகவும் ஆயினர். ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஓய்வுப் பருவம் உழைப்புப் பருவமாக மாறிவிட்டது. அதனைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. வற்றல் குழம்பும் காங்கிரியும் கேட்பதற்கு இனியவை. ஆனால் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை அவற்றால் கட்ட இயலாது.

இவ்வாறிருக்க, 2024-ஆம் ஆண்டு ஜனவரி வந்தது. சில்லை கலான் பிறந்து வாரங்கள் சென்றன. குல்மார்க்கில் பனி இல்லை. பால் போல் வெளுத்திருக்க வேண்டிய சரிவுகளில் பழுப்பேறிய புல் தெரிந்தது. பகலில் வெயில் இயல்பைவிட மிகுதி. இரவிலோ குளிர் குறையவில்லை. மேகப் போர்வை இல்லாத வானத்தின்கீழ் தரையின் வெப்பம் விரைந்து வெளியேறுவதால் இரவுக் குளிர் மேலும் கடுத்தது. குழாய் நீர் உறைந்தது. ஆனால் பனி விழவில்லை. குளிரின் துன்பம் உண்டு, குளிரின் வருவாய் இல்லை என்ற நிலை. முன்பதிவு செய்தோர் பலர் வாராது நின்றனர். சறுக்குவண்டிகள் சுவரோரம் சாத்திக் கிடந்தன. கோண்டோலா ஓடிற்று, ஏறியவர் மேலே சென்று வெறும் பாறையைப் பார்த்து இறங்கினர். மழைக்கும் பனிக்கும் வேண்டிப் பள்ளத்தாக்கெங்கும் மசூதிகளில் கூட்டுத் தொழுகை நடந்தது. நம் ஊர்களில் மழை வேண்டி யாகம் செய்வதும், மாதா கோயிலில் செபம் சொல்வதும் நினைவுக்கு வரவில்லையா?

காரணம் என்ன? தென்னாட்டிற்கு மழை தருபவை இரண்டு பருவக்காற்றுகள். காஷ்மீரத்துக் குளிர்காலப் பனிக்குக் காரணம் அவை அல்ல. மத்தியதரைக் கடல் பகுதியில் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகக் கிழக்கே தவழ்ந்துவரும் குளிர்காலப் புயற்கூறுகளே அதற்குக் காரணம். 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலையாளர் அவற்றை அழைக்கின்றனர். உயர்வானில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்றோடு வரும் அவை இமயத்தில் மோதி ஏறும்போது குளிர்ந்து பனியாகச் சொரிகின்றன. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வலிமையான இடையூறுகள் இமயத்தை எட்டவில்லை. பசிபிக் கடலில் 'எல் நினோ' நிலவிய ஆண்டு அது. வடமேற்கு இந்தியாவிற்கு 1901-க்குப் பின் இரண்டாவது மிக வறண்ட ஜனவரியாக அம்மாதம் அமைந்தது. ஆண்டுக்காண்டு ஏறிவரும் வெப்பமும் சேர்ந்துகொண்டு, பனியாக விழவேண்டியது தாழ்ந்த இடங்களில் மழையாக விழும் நாள்களையும் கூட்டிவருகின்றது.

ஜனவரி இறுதியில் வானம் இளகிற்று. பிப்ரவரியில் நன்றாகவே பனி கொட்டியது. அம்மாதத் தொடக்கத்தில் நடக்கவிருந்த விளையாட்டு விழா 21 முதல் 25 வரை நடந்து முடிந்தது. வந்துவிட்டதே, பின் என்ன வருத்தம் என்று கேட்கலாம். தைப் பொங்கலுக்கு வரவேண்டிய நெல் சித்திரையில் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. புத்தாண்டை ஒட்டிய கூட்டம் கடந்துவிட்டது. இழந்த கூலி திரும்பவில்லை. இது காஷ்மீரத்திற்கு மட்டும் நேர்ந்ததுமன்று. முந்தைய ஆண்டு, 2023-இல், உத்தராகண்டத்து அவுலியில் பனி போதாமையால் சறுக்குப் போட்டிகள் கைவிடப்பட்டன. அதே குளிர்காலத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும், பச்சைப் புல்வெளி நடுவே, இயந்திரத்தால் செய்த பனியை ஒரு நாடா போல் விரித்து அதன்மேல் சறுக்கினர். 2022-இல் பெய்ஜிங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் அநேகமாக முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தது. அவ்வியந்திரத்திற்கும் நீரும் மின்சாரமும் குளிர்ந்த காற்றும் வேண்டும். ஆறுகள் சுருங்கும் குளிர்காலத்தில் மின்வெட்டுக்குப் பழகிய காஷ்மீரத்துக்கு அதனைச் சிபாரிசு செய்வதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இதுவரை சுற்றுலாவைப் பற்றியே பேசினோம். செய்தித்தாள்களும் அதையே பேசின. எம் மனத்தில் உறுத்துவது வேறொன்று. பனி என்பது மலைமேல் கட்டிய ஏரி. நமக்கு நெய்யாறும் பேச்சிப்பாறையும் எவ்வாறோ, ஜீலம் பள்ளத்தாக்கிற்கு மலைப்பனி அவ்வாறு. அது சிறிது சிறிதாக உருகி, சித்திரை, வைகாசியில் நெல் நாற்றுக்கு நீர் தருகின்றது. நிலத்துள் இறங்கி ஊற்றாக வெளிப்படுகின்றது. ஆப்பிள் மரத்திற்குக் குளிர்கால உறக்கம் இன்றியமையாதது. போதிய மணி நேரம் குளிரில் நில்லாத மரம் ஒழுங்காகப் பூப்பதில்லை. உறக்கம் கலைந்து முன்கூட்டியே பூத்தாலோ, பின்வரும் குளிரில் பூ கருகும். குல்மார்க்கில் சறுக்குவண்டி இழுப்பவர் ஒரு பருவக் கூலியை இழந்தார். கீழ்நாட்டு உழவர் இழப்பது அடுத்த பருவத்து விளைவை.

2025 பிப்ரவரியில் அதற்கொரு சான்று கண்ணெதிரே தோன்றிற்று. அனந்தநாக் பக்கத்து அச்சபலில், முகலாயர் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த தோட்டம் ஒன்று உண்டு. மலையடியிலிருந்து பொங்கிவரும் ஊற்றுநீரை வாய்க்காலிலும் அருவியிலும் ஓடவிட்டு அமைத்த அழகு அது. அந்த ஆண்டும் குளிர்காலம் வறண்டு கழிந்ததனால் அவ்வூற்று வற்றியது. கற்படிகளும் வாய்க்கால்களும் வெறுமையாய்க் கிடந்தன. அந்நீரைக் குடிநீராகக் கொண்ட கிராமங்கள் தவித்தன. அரசர் கட்டிய மாளிகை இடிவதைப் பற்றி வரலாற்றில் நிறையப் படித்திருக்கின்றோம். கட்டிடம் அப்படியே நிற்க, அதற்கு உயிரான நீர் மட்டும் மறைவது படித்தறியாத செய்தி.

காஷ்மீரத்தில் மனிதர் உண்டாக்கிய அமைதிகளும் பல. 1990-க்குப் பின் வந்தது ஒன்று. 2019 ஆகஸ்டில் பயணிகளைத் திரும்பிப் போகச் சொன்னபோது வந்தது ஒன்று. மறு ஆண்டு பெருந்தொற்றால் வந்தது ஒன்று. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமை அடுத்த பைசரண் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டபின், வசந்தத்தின் நடுவிலேயே விடுதிகள் காலியாயின. இத்தகைய அமைதி வரும்போது குற்றவாளியைத் தேடலாம், காவலைக் கூட்டலாம், பேச்சு நடத்தலாம். வானம் தரும் அமைதிக்கு யாரிடம் மனுக் கொடுப்பது? பயிருக்குக் காப்பீடு உண்டு என்கின்றார்கள். பனி விழாத நாளுக்குச் சறுக்குவண்டி இழுப்போர்க்கு ஏதேனும் ஈடு வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. ரப்பர் வெட்டு நின்ற மாதங்களில் அடுப்பெரிய வழி தேடியவர்கள் நம்முள் இருக்கின்றார்கள். இக்கோரிக்கையின் நியாயத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2025-இலும் விளையாட்டு விழா பிப்ரவரி 22-இல் தொடங்குவதாக இருந்தது. பனி போதாது என்று தள்ளிவைத்தனர். மார்ச் 9 முதல் 12 வரை அது குல்மார்க்கில் நடந்தது. நம் கணக்கில் அது மாசியின் கடைசி வாரம்.

வெள்ளறடையிலிருந்து மேற்கே இறங்கி நெய்யாற்றின்கரையைக் கடந்து சென்றால் கோவளம் கடற்கரை வரும். அங்கே காஷ்மீரத்தார் நடத்தும் சால்வைக் கடைகளும் கைவினைக் கடைகளும் நெடுங்காலமாக உள்ளன. பள்ளத்தாக்கு பனியில் மூடும் மாதங்களில் சால்வை மூட்டையோடு சமவெளிக்கு இறங்குவது அவர்களிடம் பழைய வழக்கம். கார்த்திகை பிறந்து கோவளத்தில் அயல்நாட்டார் கூட்டம் சேரும்போது அவர்களுக்கு வியாபாரம் சூடுபிடிக்கும். இடவப்பாதி மழை நெருங்கியதும் பலர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவர். தென்னங்கீற்று அசையும் கரையில் நின்று, ஊரில் பனி விழுந்ததா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே அவர்கள் கம்பளி விற்கின்றனர்.